தேதி இல்லாதவர்கள்

ஒரு ஜூலை மாத மத்தியானம், ஊட்டி காந்தலில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு ஸ்டுடியோக்காரம்மா குடையோடு ஏறி வந்தார். எங்கள் தெருமுனையில் மூடிக் கிடக்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலேதான் அவர் வீடு. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அங்கே குடிவந்தது அதற்குப் பிறகு என்பதால் ஸ்டுடியோக்காரரை நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மாவோடும் பேக்கரியில் பார்த்தால் தலையசைக்கிற அளவுக்குத்தான் பழக்கம்.

"ஏனுங்க அம்மிணி, நீங்க கம்ப்யூட்டர்ல வேலை செய்யறீங்கன்னு பேக்கரிக்காரர் சொன்னாருங்க" என்று வாசலிலேயே நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால்மிதியை நனைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனிக்கு நான் இணையதளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் குளிரைத் தேடி ஊட்டிக்கு வந்துவிட்டேன். என் அம்மாவுக்கு இன்றுவரை அது புரியவில்லை.

ஸ்டுடியோக்காரர் பல வருடங்களாக ஓர் இணையதளம் நடத்தியிருக்கிறார். எல்லாம் ஊர்ச் செய்திகள். அவலாஞ்சி ரோட்டில் எங்கே மரம் விழுந்தது, கிளென்மார்கன் பஸ் ஏன் வரவில்லை, பச்சைத் தேயிலை என்ன விலை போகிறது, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு. அவரே எழுதி, அவரே படம் எடுத்துப் போட்டது. அவர் போன பிறகு தளம் அப்படியே நின்றுபோயிருந்தது. இப்போது அதற்கு சர்வரில் இடம் கொடுத்திருந்த ஆள் போன் செய்து, மென்பொருள் பழசாகிவிட்டது, யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் போடுகிறார்கள், சரிசெய்யாவிட்டால் மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

"மூடினா பரவாயில்லைங்களா?" என்று கேட்டேன்.

"நான் தெனமும் அதத்தாங்க பாக்கறேன். காலைல எந்திரிச்சா ஒரு பழைய நியூஸ் படிப்பேன். அவரு பேசற மாதிரியே இருக்கும்."

தளத்தைத் திறந்து பார்த்தேன். பிரச்சினை எளிதாகத்தான் இருந்தது. அவர் எழுதியதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் நடுவில் இருக்கும் மென்பொருள் உள்ளே போய் அதைத் தேடி எடுத்து, அந்த நேரத்தில் பக்கம் செய்து கொடுக்கும். அந்த மென்பொருளில்தான் ஓட்டை விழுந்திருந்தது. எல்லாப் பக்கங்களையும் ஒரே தடவையில் செய்து வெளியே வைத்துவிட்டால் நடுவில் எதுவும் ஓட வேண்டாம். புகுந்து கெடுக்க யாருக்கும் வழியிருக்காது. அதைச் சொன்னேன்.

அவர் அதைத் தன் தொழில் கணக்கில் சொல்லிப் பார்த்தார். "நெகட்டிவ் ஊட்டுக்குள்ள பத்திரமா இருக்கும். பிரிண்ட் போட்டு வெளிய வெச்சர்றீங்க. அப்படித்தானுங்களே?"

"அப்படியேதாங்கம்மா."

"அப்ப செஞ்சு குடுங்க அம்மிணி" என்று எழுந்தார்.

டேட்டாபேஸின் பிரதி ஒன்றை என் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன். அதிலிருந்து செய்திகளை எடுத்துத் தர ஒரு பிளகின், அதாவது ஒரு சின்னத் துணை மென்பொருள், இருந்தது. எந்த அட்டவணை என்று காட்டிவிட்டால் போதும், அதன் ஒவ்வொரு வரிசையையும் ஒரு பக்கமாக்கிவிடும். ஒரே ஒரு கட்டளைதான். அதை ஓட்டுவதை நாங்கள் 'பில்ட்' என்போம்.

முதல் பில்டை ஓட்டிய காலை நன்றாக நினைவிருக்கிறது. மேகம் சாலைக்கே இறங்கி, எதிர்வீட்டு ஜன்னல் தெரியவில்லை. நான் பேக்கரிக்குப் போய் வர்க்கி வாங்கி வந்து, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டளை கொடுத்ததும் திரையில் பக்கங்களின் பெயர்கள் கடகடவென்று ஓடி நின்றன. பிழை எதுவும் இல்லை. சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பிரிவாகத் திறந்து பார்த்தேன். ரோடு, பஸ், தேயிலை எல்லாம் சரி. அடுத்தது மரணச் செய்திகள்.

புதிய செய்தி மேலே வருவது போல் வைத்திருந்தேன். முதலில் இருந்த படத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர். பாஸ்போர்ட் அளவுப் படம், நீலப் பின்னணி. எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. பெயருக்குக் கீழே 'காந்தல் பேக்கரி உரிமையாளர் காலமானார்' என்று இருந்தது. தேதி அன்றைய தேதி.

பேக்கரிக்காரரை நான் பச்சைக் கம்பளிக் குல்லா இல்லாமல் பார்த்ததே இல்லை. அதனால்தான் அடையாளம் தெரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. அவர் கையால் வாங்கிய வர்க்கி என் வாயில் இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் முன்னால்தான் அவரோடு பேசிவிட்டு வந்திருந்தேன். மேகத்துக்குள் பேக்கரியின் மஞ்சள் விளக்கு தெரிகிற வரைக்கும் வேகத்தைக் குறைக்கவில்லை.

அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று பிரட் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னுங்க, இப்பத்தான வாங்கிட்டுப் போனீங்க. வர்க்கி நமுத்துப் போச்சுங்களா?"

"இல்லீங்க. பன் வாங்க மறந்துட்டேன்."

பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது அவர் விரல் என் கையில் பட்டது. அடுப்பு வேலை செய்கிற கை, சூடாக இருந்தது. அவர்தான் முகம் மாறினார். "உங்க கை என்னுங்க இப்படி ஐஸ் மாதிரி இருக்குது? செத்த நேரம் உள்ள வந்து அடுப்புகிட்ட நில்லுங்க."

போய் நின்றேன். அவர் விசிலடித்துக்கொண்டே பிரட் வெட்டினார்.

வீட்டுக்கு வந்து மறுபடி திரையைப் பார்த்தேன். அவர் செய்தியையும் படித்தேன். 'மாவு பிசையும்போது விசிலடிப்பார். விசில் நின்றால் மாவு பதத்துக்கு வந்துவிட்டது என்று அடுப்புப் பையன்களுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் பத்துப் பதினோரு பேர். எல்லோருக்கும் அன்றைய தேதி. ரிட்டயரான ஒரு நர்ஸ், ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், மாரியம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா. பாதிப் பேரை நான் தெருவில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஸ்டுடியோக்காரம்மா.

அவருக்கு மட்டும் பாஸ்போர்ட் படம் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தலை துவட்டுகிற படம். முதுகுதான் தெரிந்தது. எடுத்தது அவருக்குத் தெரிந்திருக்காது என்று பார்த்தவுடன் பட்டது.

காரணத்தை அன்று மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். அவையெல்லாம் அவர் எழுதி, வெளியிடாமல் வைத்திருந்த செய்திகள். பழைய தளம் அவற்றை வெளியே காட்டாது. நான் வைத்த பிளகின் வெளியிட்டது, வெளியிடாதது என்று பார்க்கவில்லை. இருந்ததையெல்லாம் எடுத்து வந்துவிட்டது. இறந்த தேதி என்கிற இடம் காலியாக இருந்ததால், பில்ட் ஓடும் நாளின் தேதியை அதுவாகவே நிரப்பிவிட்டது. அவ்வளவுதான். இந்த மாதிரி நூறு பார்த்திருக்கிறேன்.

மறுநாள் வேறு ஒரு வேலைக்காகப் பில்டை மறுபடி ஓட்டினேன். அத்தனை பேரும் மறுபடி அன்றைக்கு இறந்திருந்தார்கள்.

எதையும் வெளியே ஏற்றாமல் அன்றைக்கே ஸ்டுடியோக்காரம்மா வீட்டுக்குப் போனேன். குடிவந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ஸ்டுடியோவின் பக்கவாட்டில் குறுகலான படி. சுவர் முழுக்கப் படங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றுகூட இல்லை. கரி அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அம்மா, அந்தச் சாவு நியூஸ்ல கொஞ்சம் பேரு... உசுரோட இருக்கறவங்களுக்கே எழுதி வெச்சிருக்காருங்க" என்றேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஆமாங்க. அவரு அப்படித்தான். செத்ததுக்கப்புறம் எழுதினா எல்லாரும் நல்லவங்களாப் போயர்றாங்கன்னு சொல்லுவாரு. ரேசன் கார்டுக்கு, பாஸ்போர்ட்டுக்குன்னு போட்டோ எடுக்க வருவாங்க பாருங்க, அப்ப உக்காரவெச்சுப் பேச்சுக் குடுப்பாரு. அவங்க போன பொறகு எழுதி வெச்சுக்குவாரு."

"அவங்களுக்குத் தெரியுங்களா?"

"யாருகிட்டயாச்சும் சொல்ல முடியுங்களா இத?" அடுப்பைக் கிளறினார். சாம்பல் பறந்து புடவையில் உட்கார்ந்தது. பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார். "நான் இருக்கறனுங்களா அதுல?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கீங்க" என்றேன்.

"தேதி?"

பிளகினைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். காலி இடம், தானாக நிரப்புவது என்று ஏதேதோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரிங்க அம்மிணி, என்ன தேதி போட்டிருக்குது?" என்றார்.

"இன்னிக்குங்க."

ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக மேகம் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் தலை துவட்டுகிற படத்தில் இருந்தது இந்த ஜன்னல்தான் என்று அப்போதுதான் கவனித்தேன். அவர் எழுந்துபோய் அதன் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

"படிச்சுக் காட்டட்டுங்களா?"

"வேண்டாங்க. படிச்சுட்டன்னா அப்புறம் அதே மாதிரியே இருக்கோணும்னு தோணும்." உட்கார்ந்தார். "அழிச்சறாதீங்க. வெளியயும் போட வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

வெளியிட்ட செய்திகளை மட்டும் எடு என்று பிளகினுக்கு ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஒரு வரிதான். அவர்கள் மறைந்தார்கள். தளத்தைப் புது இடத்தில் ஏற்றினேன். ஸ்டுடியோக்காரம்மா போனில் திறந்து பார்த்து, பழசை விட வேகமாக வருகிறது என்று சந்தோஷப்பட்டார். வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் என் லேப்டாப்பில் டேட்டாபேஸ் பிரதி அப்படியே இருந்தது. சில காலைகளில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுப் பில்டை ஓட்டிப் பார்ப்பேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் அன்றைய தேதியோடு வந்து நிற்பார்கள். பிறகு பேக்கரிக்குப் போவேன். விசில் சத்தம் காதில் விழுந்தால் நிம்மதி. பூக்காரம்மாவிடம் தேவையே இல்லாமல் ஒரு முழம் வாங்குவேன். ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் இருக்கிறாரா என்று பார்ப்பேன். எல்லோரையும் பார்த்து முடித்தால்தான் வேலை ஓடும். ஓட்டாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். ஓட்டாத நாளில் அதைவிட மோசமாக இருந்தது. அன்றைக்கு யாரையும் எண்ணிப் பார்க்காமல் விட்டுவிட்டது போல.

கோயம்புத்தூரிலிருந்து அம்மா போனில், "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள். குளிர் என்றேன்.

ஆடி முடிகிற சமயம். மழை விட்டு, காலையிலேயே வெயில் அடித்தது. அந்த மாதத்தில் அதுவே விசேஷம். பில்டை ஓட்டிவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்து உற்சாகமாகவே இறங்கினேன். பேக்கரி ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசலில் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெஞ்ச் வெளியே எடுத்துப் போடப்பட்டிருந்தது.

"விடியக்காலைல மாவு பெசையறப்பவே நெஞ்சு வலின்னு உக்காந்தாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு" என்றார் ஆட்டோக்காரர். அவர் ஆட்டோவில்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் திரும்பி நடந்தேன். வீட்டில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. அவர் பக்கமும் அப்படியே இருந்தது. நீலப் பின்னணி, வழுக்கைத் தலை, அன்றைய தேதி. ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் பொய்யாக இருந்த அதே பக்கம் அன்று காலை உண்மையாகிவிட்டிருந்தது. எந்த நேரத்தில் ஆயிற்று என்று யோசித்தேன். நான் கட்டளை கொடுத்தபோது அவர் ஆட்டோவில் இருந்திருப்பாரா, அதற்கு முன்னாலேயே போய்விட்டாரா. அந்தக் கேள்வியை மேலும் யோசிக்கக் கூடாது என்று லேப்டாப்பை மூடினேன்.

மூடுவதற்கு முன்னால் கடைசி வரி கண்ணில் பட்டது. முன்பும் படித்திருந்ததுதான். 'அவருடைய கடையின் ஷட்டர் இன்று பாதி இறக்கப்பட்டிருந்தது.' எந்தக் கடைக்காரர் இறந்தாலும் அப்படித்தான் இறக்குவார்கள், அதைத் தெரிந்துதான் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டுடியோக்காரம்மா என்னைக் கூப்பிட்டார். பேக்கரிக்காரரின் மகளும் அங்கே இருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவளுக்கு விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"காட்டுங்க அம்மிணி. அவங்க சரின்னு சொன்னா வெளிய போடலாம்."

லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். அவள் படித்தாள். விசிலைப் பற்றிய இடத்தில் ஒரு தடவை சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை திரையைத் தொடப் பார்த்தது.

"இத ஸ்டுடியோ மாமா எப்பங்க எழுதுனாரு?"

"எங்கூட்டுக்காரரு போறதுக்கு முன்னாடி" என்றார் அந்த அம்மா. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லிக் கேட்டபோதுதான் உறைத்தது. இரண்டு வருடம் முன்னால் செத்துப்போனவர், இப்போதுதான் செத்துப்போனவருக்கு இரங்கல் எழுதியிருந்தார்.

மகள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். "இவன் இல்லீங்களே இதுல" என்றாள். "இவன் அப்புறந்தான பொறந்தான். தாத்தாவ அப்பிச்சின்னு கூப்பிடப் பழகியே ஒரு மாசந்தான் ஆகுது. அத எங்கப்பா ஊரு பூராம் சொல்லிட்டு இருந்தாரு."

ஸ்டுடியோக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க அம்மிணி. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 'மகள் வயிற்றுப் பேரன் அப்பிச்சி என்று அழைத்ததை, பிரட் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.' நிறுத்தி நிறுத்தி, சொற்களை எடை போட்டுச் சொன்னார். திரையில் பார்த்தபோது எது கணவர் எழுதியது, எது மனைவி சொன்னது என்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அந்த அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

அதற்கு உண்மையான தேதியை நானே கையால் போட்டேன். வெளியிட்டோம். ஊரில் நிறையப் பேர் படித்தார்கள். எழுதியது யார் என்று கேட்டவர்களிடம் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

அந்த நாளுக்குப் பிறகு நான் காலையில் பில்ட் ஓட்டுவதை விட்டுவிட்டேன். பயம் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வந்துவிட்டார் என்பதுதான் உண்மை. மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஸ்டுடியோக்காரம்மா கூப்பிட்டு அனுப்புவார். வெளியிடாத அந்தப் பக்கங்களைத் திருத்த நான் லேப்டாப்போடு போவேன்.

"நர்ஸம்மா மூட்டு ஆபரேசன் பண்ணிக்கிட்டாங்க. இப்ப படி ஏறறாங்க. அத சேத்துருங்க." "பூக்காரம்மா மகனோட சண்டை போட்டுட்டுத் தனியாப் போயிட்டாங்க. அது வேண்டாம், அடுத்த மாசம் சேந்துக்குவாங்க."

தன்னுடைய பக்கத்தை மட்டும் அவர் திறக்கச் சொன்னதே இல்லை. நானும் திறக்கவில்லை.

டிசம்பரில், புல்லில் உறைபனி விழ ஆரம்பித்த நாட்களில், ஒரு சாயங்காலம் போயிருந்தேன். அன்று சேர்க்க எதுவும் இல்லை என்றார். டீ கொடுத்தார். ஸ்டுடியோவைப் பெருக்கித் துடைத்ததாகச் சொன்னார். ஒரு காமிரா இன்னும் வேலை செய்கிறதாம். பிறகு பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு எந்த ஊர், அம்மா என்ன செய்கிறாள், நான் ஏன் தனியாக வந்தேன், சின்ன வயதில் எதற்குப் பயப்படுவேன். யாரும் என்னை இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. சொல்லிக்கொண்டே போனேன்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுங்க அம்மிணி?"

"மழை பெய்யறப்ப தூங்கறதுங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். ஸ்டுடியோக்காரரும் இப்படித்தான் பேச்சுக் கொடுத்திருப்பார் என்று அந்தத் தலையசைப்பில்தான் எனக்குப் புரிந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. சிரித்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

"கீழ வாரீங்களா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். "வெளிச்சம் போறதுக்குள்ள."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இறங்கிப் போய் நீலத் திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டூல் சில்லென்று இருந்தது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கச் சொன்னார். சாய்த்தேன்.

இரவெல்லாம் ஒரே யோசனை. மழையில் தூங்குவது எனக்கு அவ்வளவு ஒன்றும் பிடித்ததல்ல. கேட்டவுடன் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். காலையில் முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய், அதை மாற்ற வேண்டும் என்றேன்.

"மாத்திக்கலாங்க" என்றார். "என்ன எழுதட்டும்?"

நின்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

"நெதானமா யோசிச்சுச் சொல்லுங்க அம்மிணி" என்று அடுப்புக்குப் பக்கத்தில் மணையை இழுத்துப் போட்டார்.